ஒரே டோக்கனில் இரண்டு பிள்ளைகள்

செவ்வாய், இரவு 11.40

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், என்னிடமேதான்.

பெரம்பலூர் டாக்டரிடம் இன்று கூட்டம். என் பத்து மாத மகன் கவினுக்கும் நாத்தனார் மகள் தர்ஷினிக்கும் காய்ச்சல். ஊருக்குப் போகும் குன்னம் பஸ் போய்விடுமே என்று ஒரே டோக்கனில் இருவரையும் காட்டினேன். டாக்டரும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஏழு மணிக்குக் கவினுக்கு, மருந்துக்கடையில் பாட்டில்மேல் எழுதியிருந்தபடி, காய்ச்சல் மருந்து ஐந்து மில்லி கொடுத்தேன். எட்டு மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். "ஆறு வயசுப் புள்ளைக்கு ரெண்டு மில்லி போட்டிருக்காரு அண்ணி. இது என்ன, சொட்டு மருந்தா?"

அப்போதுதான் சீட்டைப் பார்த்தேன். கவின், இருபது கிலோ. தர்ஷினி, எட்டு கிலோ. எடை மாறிப்போயிருக்கிறது. எட்டு கிலோப் பிள்ளை என் இடுப்பில்தான் இருந்தான். டாக்டரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கிளினிக்கில் எடை பார்க்கும் அக்காதான் போனை எடுத்தார். "ஒரு வேளைதானேம்மா, ஒண்ணும் ஆவாது. டாக்டர் கெளம்பிட்டாரு."

கவின் பால் குடித்தான், சிரித்தான். இப்போது மறுபடி உடம்பு சுடுகிறது. அடுத்த வேளையைக் கொடுக்கலாமா என்று தெரியவில்லை.

டாக்டருக்கு அனுப்பியது இது: "சார், சீட்டுல ரெண்டு பிள்ளைங்க எடையும் மாறியிருக்கு. ஒரே டோக்கன் போட்டது நான்தான், திட்டுறதுன்னா நாளைக்குத் திட்டுங்க. கவின் எட்டு கிலோ. ஏழு மணிக்கு அஞ்சு மில்லி குடுத்துட்டேன். இப்ப குடுக்கலாமா? சீக்கிரம் பதில் போடுங்க சார்."