அமலாவிடம் எரிந்து விழுந்த பிறகு

9-9-91, திங்கள்

கம்பெனி வேன் இன்றும் மண்ணூருக்குத் தாமதமாகத்தான் வந்தது.

பத்து மணி இருக்கும். மேனேஜர் சிவசங்கர் எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு மூட்டையோடு வந்தார். போன வாரம் நாங்கள் அனுப்பிய ரப்பர் வளையங்கள். ஓரத்துப் பிசிறு வெட்டாமலே போயிருக்கிறது என்று ஸ்கூட்டர் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டானாம். "தாவீது, நீ சூப்பர்வைசரா, கேட்ல நிக்கிற வாட்ச்மேனா?" என்று கேட்டு, மூட்டையைத் தரையில் கொட்டினார். "பொறுக்கு."

பொறுக்கினேன். பிசிறு வெட்டும் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, மேசைக்கு அடியில் மண்டிபோட்டு. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அமலா மட்டும் கத்திரிக்கோலை வைத்துவிட்டு, குனிந்து என்னோடு பொறுக்க வந்தாள்.

"உன்ன யாரு கூப்ட்டா? போய் உன் வேலயப் பாரு!"

மேனேஜரிடம் வராத குரல், அவளிடம் வந்தது.

10-9-91

சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வீட்டில் மெர்சியிடம் வயிறு சரியில்லை என்றேன்.

11-9-91

வாட்ச்மேனா என்று கேட்டாரே, அதற்கு என்ன சொல்லியிருக்கலாம்? குளிக்கும்போது ஒரு பதில், வேனில் ஒரு பதில். நல்ல நல்ல பதில்களாக வருகின்றன. இப்போது வந்து என்ன பயன்?

12-9-91

அமலா என்னை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவள் மேசையைக் கடக்கும்போது உடம்பு கூசுகிறது. இன்று அவள் வெட்டியதில் தப்புத் தேடினேன் — கிடைக்கவில்லை. அவளைப் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன். தகரக் கூரை, நெருப்பாகக் கொதிக்கும். அவள் பக்கத்தில் உட்காரும் கங்கா ஏன் என்று கேட்டாள். "அங்க ஆள் பத்தல" என்றேன்.

பொய்.

15-9-91, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும், தண்ணீரைக் கொட்டியதற்காகப் பையனை அடித்துவிட்டேன். மெர்சி விடவில்லை. "இன்னா ஆச்சுங்க உங்களுக்கு? ஒரு வாரமா ஆளே சரியில்ல."

சொன்னேன். எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, "அவரு கொட்னது தப்புதான். ஆனா சரக்கு? சரக்கு நல்லா இருந்துச்சா?" என்றாள்.

நீயுமா என்று எழுந்து வெளியே போய்விட்டேன்.

சரக்கு நல்லா இல்ல. எனக்குத் தெரியும். லாரிக்காரன் கேட்ல ஹாரன் அடிச்சிக்கினே நின்னான், மேலால நாலு வளையத்தப் பாத்துட்டு அனுப்பிட்டேன். முழுக்கப் பாக்கல. அன்னிக்கே தெரியும். அதாலதான் வாயத் தொறக்க முடியல.

19-9-91

பேக்கிங் ஷெட்டில் அமலா என்னை நிறுத்தினாள்.

"சார், அன்னிக்கி நான் குனிஞ்சதுதான் தப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி வெளியே வந்துவிட்டேன். சே! என்ன மனுஷன் நான்?

20-9-91

போய்ச் சொல்லிவிட்டேன். "உன் மேல தப்பில்லம்மா. அந்தக் கோலத்துல என்னப் பாத்துட்டியேன்னு கோவம். அந்த லாட் சரக்க நான்தான் பாக்காம வுட்டேன்."

அவள் பெட்டியை ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

"பழைய எடத்துக்கே வந்துடும்மா."

"வேணாம் சார். நான் இங்கியே இருக்கறேன்."

அந்த வெக்கையில் இருக்கிறேன் என்கிறாள். என் கண் முன்னால் இருக்கப் பிடிக்கவில்லை போலும்.

24-9-91, செவ்வாய்

மத்தியானம் அமலா ஒரு பை வளையங்களோடு நேராக எங்கள் செக்‌ஷனுக்கு வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், இதுல பிசிறு கீது. நீங்க ஓகே பண்ணது" என்றாள்.

கத்திரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. காது சுட்டது. வேண்டுமென்றே எல்லோர் முன்னாலும் சொல்கிறாளா? வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

இருந்தது.

"ஆமாம்மா. வுட்டுட்டேன். குடு, முழுசா பாத்துடறேன்."

குரல் கரகரத்தது. அவ்வளவுதான். கத்திரிக்கோல்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஒன்றும் ஆகிவிடவில்லை.

26-9-91, வியாழன்

இரண்டு வாரமாக லீவோ பர்மிஷனோ எது வேண்டுமானாலும் அமலா கங்காவிடம்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். இன்று சாயங்காலம் வேனில், முன் சீட்டிலிருந்து அவளே திரும்பினாள்.

"சார், நாளைக்கு லீவு வோணும். அம்மாவக் கூட்டிக்கினு வல்லக்கோட்டை கோயிலுக்குப் போறேன்."

"போய்ட்டு வாம்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டு, கங்காவோடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.