பின் சக்கரத்தில் கீறல் இல்லை

அன்புள்ள எதிர்காத்துக்கு,

அளவுகோல் எழுதுவது. வழக்கமாக முதல் வரியிலேயே நலம் சொல்லி நலம் கேட்டுவிடுவேன். இந்த முறை அதற்குக் கை வரவில்லை. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, கூரை ஒழுகவில்லை. அந்த அளவில் நலம் என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. புது வீடு மேட்டில் இருக்கிறது, சைக்கிளில் ஏறும்போது நாக்குத் தள்ளுகிறது, இறங்கும்போது மட்டும் ராஜா மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. இத்தனை வருஷம் உன் பேச்சுக்குச் சிரித்துப் பழகிய வாய், அதற்கு விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை.

கேட்டதற்கெல்லாம் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடையில் என்னை லென்ஸ் தேய்க்கும் மெஷினிலிருந்து எடுத்து முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிறவர்களுக்குப் பிரேம் எடுத்துக் காட்டுவதும், முகத்துக்குப் பொருந்துகிறது என்று பொய் சொல்வதும் இப்போது என் வேலை. கை பழையபடிதான். கடைசி இரண்டு விரலும் மடங்குவதில்லை. மகள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிறாள். சைக்கிள் கேட்டாள், அவள் அம்மா விடவில்லை.

அப்புறம் அந்தப் பாய்மரக் கப்பல் மாடல். உன் அலுவலகத்துக் கண்ணாடி அலமாரி காலியாக இருக்கிறது, முடித்து அனுப்பு என்று உரிமையோடு கேட்டிருக்கிறாய். கட்டை வேலை எல்லாம் முன்பே முடிந்ததுதான், கயிறு கட்டுவது பாக்கி. தையல் நூலில் எள்ளளவு முடிச்சாகப் போட வேண்டும். துணிக் கிளிப்பை மூன்றாவது கையாக வைத்துக்கொண்டு முயன்றேன். பாய்மரம்தான் ஒடிந்தது. விரல் மட்டும் காரணமில்லை, மாத்திரை சாப்பிட்டால் கை நடுங்குகிறது. என்ன மாத்திரை என்று உனக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்தவனே நீதானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விபத்து நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதுவரை நினைவிருக்கிறது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். விடிந்தும் விடியாமலும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். குடோன் ரோட்டில் மண் ஈர வாசனை அடித்தது. வழக்கம் போல நான் முன்னால், நீ என் முதுகுக்குப் பின்னால். காற்று எங்கிருந்து வீசினாலும் உனக்கு அது எதிர்காற்றுதான், எதிர்காத்து என்று நான் வைத்த பேரே அப்படி வந்ததுதான். நான்தான் உனக்குச் சுவர். திரும்பிப் போகும்போது யார் டீ வாங்குவது என்று கத்திக்கொண்டே வந்தாய். அடுத்து எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றிய மின்விசிறி. நடுவில் உள்ளதை ரப்பரால் அழித்தது போல ஒன்றுமே இல்லை.

அந்த இடத்தை நீதான் நிரப்பினாய். "நீ திடீர்னு ஹேண்டில ரோட்டு நடுவுக்கு ஒடிச்சுட்டேடா. பின்னால வந்த வேன்காரனுக்குப் பிரேக் பிடிக்க நேரமே இல்ல. பின் சக்கரத்துல இடிச்சுத் தூக்கிப் போட்டுட்டான்" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொன்னதாகச் சொன்னாய். பார்த்த சாட்சி நீ ஒருவன்தான். எனக்கு ஏன் சந்தேகம் வரப் போகிறது? ரோட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவன் நீ. சட்டையெல்லாம் ரத்தமாக ஆட்டோவில் என்னைக் கொண்டுபோனவன் நீ. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவிக்குத் துணையாகப் பெஞ்சில் கிடந்தவனும் நீதான். அதெல்லாம் பொய்யில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம் எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

வேன் உன் மச்சானுடையது என்று தெரிந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. நீ வேலை பார்ப்பது அவரிடம், உன் மனைவிக்கு அவர் கூடப் பிறந்த அண்ணன். என்னால் உனக்கு வீட்டில் சங்கடம் ஆகிவிடக் கூடாது என்று, கட்டுப் பிரித்ததுமே அவர் அலுவலகத்துக்குப் போனேன். "என் தப்பாலே உங்களுக்கும் போலீஸ் கேஸுன்னு அலைச்சல். மன்னிச்சுக்கணும்" என்று கும்பிட்டேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கும்பிட முடியும், ஏதோ செய்தேன். அவர் பெரிய மனசோடு, "விடுங்க, யாருக்கு வேணும்னாலும் நடக்கும். இனிமே பார்த்து ஓட்டுங்க" என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நீ தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

எழுந்து வெளியே போயிருக்கலாமே. ஒரு போன் வந்தது போல நடித்திருக்கலாமே. அதைக்கூடச் செய்யவில்லை.

நான் தெருவில் கிறுக்கன் மாதிரி ஓட்டுகிறவனா? கை காட்டாமல் ஒரு சந்துக்குள் திரும்பியிருக்கிறேனா? எனக்கு அளவுகோல் என்று பேர் வைத்ததே நீதான். அப்படிப்பட்ட நான் காரணமே இல்லாமல் ஏன் ரோட்டு நடுவுக்கு ஒடித்தேன்? எதிர்ப் பக்கம் திரும்ப வழியில்லாத ஒரு நீளச் சுவர்தானே இருக்கிறது? அதைத்தான் நரம்பு டாக்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அந்த நொடியில் நினைவு தப்பியிருக்கலாம், அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம் என்றார். உன்னைப் பார்த்து, "நீங்கதானே கூட வந்தது? ஒடிக்கறதுக்கு முன்னாடி தலை சாஞ்சுதா?" என்று கேட்டார். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "சரியா கவனிக்கல டாக்டர்" என்றாய். எதையோ பார்த்துவிட்டு, நான் பயந்துவிடக் கூடாது என்று மறைக்கிறாய், எவ்வளவு நல்லவன் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் மருந்துக் கடைக்கு ஓடியவனும் நீதான்.

அன்றிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். ரோட்டைக் கடக்க இவள் என் முழங்கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுப்பைப் பற்ற வைக்க என்னை விடுவதில்லை. மகள் ஜன்னலருகே சும்மா வெளியே பார்த்துக்கொண்டு நின்றாலும் இவள் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு உலுக்குகிறாள், அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கும் வருமோ என்று. உலுக்கிவிட்டு, "ஒண்ணுமில்லடி, கூப்பிட்டேன்" என்பாள். மகள் என்னைப் பார்ப்பாள். நான் எங்கே பார்ப்பது?

மாத்திரைத் தூக்கம் கலைந்த நேரங்களில் மேஜையில் உட்கார்ந்தேன். கப்பல் வரவில்லை, விமானம் வரவில்லை. கடைசியில் அந்த ரோட்டையே செய்யலாம் என்று ஆரம்பித்தேன். இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. அட்டையில் சுவர், தகரத்தில் குடோன் கேட்டு, கம்பியில் நம் இரண்டு சைக்கிள். சிரிக்காதே, உன் சைக்கிளுக்கு அந்தக் கிழிந்த சீட் கவர்கூட வைத்தேன். உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை. நான் எங்கே தப்புச் செய்தேன் என்று கண்ணால் பார்த்தால் மனசு அடங்கும் என்றுதான். எல்லாம் முடிந்தது, வேன் மட்டும் மிச்சம். அதன் அளவு எனக்குத் தெரியவில்லை. உன் மச்சான் அதை விற்றுவிட்டார் என்று கேள்வி. டிரைவரும் அங்கே இல்லை, ரொட்டிக் கம்பெனியில் ஓட்டுகிறார் என்றார்கள்.

பஸ் ஏறிப் போனேன். ரொட்டித் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். என்னால் உங்கள் வேலையே போய்விட்டதாமே என்று அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் வேன் எத்தனை அடி உயரம், பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். எதற்கு என்றார். மாடல் செய்கிறேன், என் தப்பு எனக்குப் புரியவில்லை, வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

அவர் போய் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் பாதி குடித்தபிறகு சொன்னார்: "சார், நீங்க ஒடிக்கவே இல்ல. ஓரமா, நேராத்தான் வந்தீங்க. நான்தான் உங்களத் தாண்டி வந்து சட்டுனு கேட்டுக்குள்ள திருப்பினேன். முதலாளி போன்ல கத்திக்கிட்டிருந்தாரு, உங்களத் தாண்டினதே மறந்துபோச்சு. நீங்க வேன் பக்கத்துல வந்து மோதிட்டீங்க."

என் கூட வந்தவர் பார்க்கவில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே, இல்லை என்று சொல்லிவிடு ஐயா என்று மனசு கெஞ்சியது.

"அவர் பார்க்காம என்ன சார்? ஸ்டேஷன்ல முதல்ல உள்ளதத்தான் சொல்ல ஆரம்பிச்சாரு. முதலாளி வெளியே கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசினாரு. திரும்பி வந்து மாத்திச் சொன்னாரு. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு, வாயப் பொத்திக்கிட்டேன். ஆனா அப்புறம் அந்த வண்டிய ஓட்ட முடியல. அதான் விட்டுட்டேன்."

கிளம்பும்போது, "வேன் உயரம் கேட்டீங்களே, ஏழடி இருக்கும் சார்" என்று கையைத் தூக்கிக் காட்டினார். நானும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படிக்குக் கீழே போனேன். என் சைக்கிளை நீ கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து இவள் அதைப் பழைய போர்வையால் மூடி வைத்திருந்தாள். நானும் பார்க்கப் பயந்து பார்க்கவில்லை. போர்வையை விலக்கினேன். முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்து கிடந்தது. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். புதுசு போலச் சுற்றியது. ஒரு கீறல் இல்லை. பின்னால் இடித்த வேன் முன் சக்கரத்தையா வளைக்கும்? இதைச் சொல்ல மாடல்கூட வேண்டாம். இத்தனை மாதமாக என் கண்ணெதிரே கிடந்தது, நான் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை, உன்னை நம்பினேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்களே, அது ஏதோ வாய்ப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை. மச்சானை எதிர்த்துச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் நீ எப்படிச் சாப்பிட முடியும்? வேலை போயிருக்கும், உன் மனைவி அழுதிருப்பாள். புது ஊர்க் கிளைக்குப் பொறுப்பாளராக உன்னை அவர் அனுப்பியது எதற்காக என்றும் இப்போது புரிகிறது. ஆனால் எனக்கு ஒன்றுதான் தெரியவில்லை. ஸ்டேஷனில் சொன்னது சொன்னதாக இருக்கட்டும். என்னிடம் தனியாக வந்து, "டேய், இப்படி ஆகிப்போச்சு, நான் மாத்திச் சொல்லித் தொலைச்சுட்டேன்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். உன்னைக் காட்டிக் கொடுத்திருப்பேனா? அதைக்கூட என்னைப் பற்றி நீ நம்பவில்லையே.

நான் ஸ்டேஷனுக்குப் போகப் போவதில்லை. உன் மச்சான் வாசலில் போய் நிற்கப் போவதுமில்லை. பயப்படாதே.

ஆனால் இவளிடம் சொன்னேன். டிரைவர் சொன்னது, சக்கரம், எல்லாவற்றையும். கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தன்னக் காப்பாத்திக்க அந்த ஆள் ஆயிரம் சொல்லுவான். அண்ணன் பொய் சொல்லுவாரா? உங்களத் தூக்கிக்கிட்டு வந்த மனுஷன். போய் மாத்திரையப் போட்டுக்கிட்டுப் படுங்க" என்றாள். சைக்கிளைப் பார்க்கக் கூப்பிட்டேன், கீழே வரமாட்டேன் என்றுவிட்டாள். டாக்டரிடமும் போனேன். மூன்றாவது மனுஷன் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்த முடியாது, பக்கத்தில் இருந்து பார்த்தவரை ஒரு தடவை பேசச் சொல்லுங்கள் என்கிறார். நான் என்ன சொன்னாலும் அது தலையில் அடிபட்டவன் பேச்சு. நீ சொன்னால்தான் நான் நிதானமானவன். நிலைமையைப் பார்த்தாயா?

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு நீ விளக்கம் எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிப்பேனா என்று தெரியவில்லை. இவளுக்கு எழுது. நான் நேராகத்தான் வந்தேன் என்று இரண்டு வரி போதும். அவள் உன்னை அண்ணன் என்று கூப்பிடுவது இதோடு நின்றுபோகும், தெரிந்துதான் கேட்கிறேன். அவள் என் மகளின் தோளை உலுக்குவதும் நிற்கும்.

நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனசாரத்தான் எழுதுகிறேன். மேட்டில் இறங்கும்போது பிரேக்கைப் பார்த்துக்கொள், உனக்கு முன்னால் அங்கே யாரும் போக மாட்டார்கள்.

இப்போது இவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். முகமெல்லாம் மலர்ந்துபோனது. "அண்ணனுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க. நான் தினமும் அவரை நினைச்சுத்தான் சாமி கும்பிடறேன்னும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

எழுதிவிட்டேன். பதிலை அவளுக்கே எழுது.

இப்படிக்கு,
அளவுகோல்