இரவல் அழுகை

3 மே

அன்புள்ள அக்காவுக்கு,

குருவி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள். இருபத்திரண்டு படங்களில் என் வசனத் தாள்களில் இருந்த இந்தக் கோழிக் கிறுக்கலைப் படித்துத்தானே எனக்காக டப்பிங் பேசினீர்கள். ஒன்பது வருடம் கழித்து எந்த முகத்தோடு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஒலிப்பதிவுக்கூடத்துப் பெரியவரிடம் கெஞ்சிக் கேட்டு உங்கள் விலாசம் வாங்கினேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சினிமாவில் எனக்கு இப்போது வேலை இல்லை. கடைசிப் படத்தில் சுவரில் மாட்டிய போட்டோவாக வந்தேன். கதை தொடங்கும் முன்பே செத்துப்போன அம்மா. மேக்கப் போட்டு ஒரே ஒரு தடவை சிரிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மார்ச்சிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடரில் தையல் கடைக்கார அம்மாவாக நடிக்கிறேன். தினமும் ஒளிபரப்பு என்பதால் டப்பிங்குக்கு நேரமில்லை. கழுத்தருகே துணிக்குள் மைக்கைச் செருகி, அங்கேயே குரலைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் விளக்குப் பிடிக்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். என் கரகரப்பு உங்களுக்குத் தெரியாததா? "அந்தம்மா குரல் எங்கே போச்சு?" என்று ஜனங்கள் சேனலுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்களாம்.

வேறு யாரையாவது பேசவைக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். யாரையோ வேண்டாம், அக்காவையே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்காக மட்டும் தனியாக ஏற்பாடு செய்வார்களாம். வாரத்தில் இரண்டு மதியம் வந்தால் போதும். வருவீர்களா அக்கா?

உங்கள்
குருவி


10 மே

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு திட்டிக்கொண்டே ஏறுகிறார். மற்றபடி நலம். பார்வையில்லாத பிள்ளைகளுக்காக நான் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறேன். இப்போது எட்டாம் வகுப்பு அறிவியல். தவளையின் இதயத்தை நான் படிக்கிற மாதிரி யாரும் படிக்க முடியாது என்கிறார்கள்.

வேலைக்கு நான் வரமாட்டேன். காரணம் தெரியாதவள் மாதிரி எழுதியிருக்கிறாய், அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்த மருத்துவமனைக் காட்சி. பிள்ளை போய்விட்டான் என்று டாக்டர் சொன்னதும் நீ வராந்தாவில் சரிந்து உட்காருவாய். படப்பிடிப்பில் சத்தமே வராமல் அழுதிருந்தாய். நான் அதற்கு டப்பிங் பேச வந்தபோது எங்கள் அம்மா போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பதினேழு தடவை அழுதேன். பதினேழாவதில் நான் அழுதது உன் பிள்ளைக்காக இல்லை.

அந்தப் படத்துக்கு உனக்கு விருது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். உன் கண்ணும் கையும் இல்லாவிட்டால் என் அழுகை வெறும் சத்தம். ஆனால் மேடையில் உன்னிடம், அந்த அழுகை எப்படி வந்தது என்று கேட்டார்கள். "அடிவயித்துலேருந்து தானா வந்தது" என்றாய். நான் வீட்டில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள். "அம்மா, அது நீதானே?" என்றாள். இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து அத்தான் சட்டை கருகிப்போனது. மறுவாரமே டப்பிங்கை விட்டுவிட்டேன்.

திட்டுவதற்காக எழுதவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. தொண்டைக்கு வெந்நீர் குடி.

அக்கா


21 மே

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நடிப்பு என்பீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். சொந்தக் குரலில் பேசியிருந்தால்தான் அந்த விருது. விண்ணப்பத்தில் அப்படி ஒரு வரி இருந்தது, அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். "எல்லாரும் போடுறதுதாம்மா, போட்டுடுங்க" என்றார் அந்தப் படத் தயாரிப்பாளர். போட்டுவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. கதாநாயகனுக்கு அக்கா வேடம்கூடக் கை நழுவிப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு விருது வந்தால் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று கணக்குப் போட்டேன். மேடையில் அந்தக் கேள்வி வந்ததும் பொய் தானாக வாயில் வந்தது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் உங்கள் முன்னால் வரப் பயந்தேன். உங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தேன் அக்கா. மண்டபத்துக்கு எதிரில் காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன செவ்வாய், தொடரின் ஐம்பதாவது பகுதிக்காக என்னைப் பேட்டி எடுத்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. பேட்டி எடுத்த பெண் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதை வெட்டிவிடலாம் என்றார்கள். வெட்டினால் நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன். சனிக்கிழமை வருகிறது. விருதை ஒரு கடிதத்தோடு குழுவுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

தொடரில் என்னை வைத்திருப்பார்களா தெரியாது. உங்களைப் பேசக் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள்
குருவி


9 ஜூன்

அன்புள்ள குருவிக்கு,

அந்தச் சனிக்கிழமை உன் பேட்டியைப் பார்த்தோம். மகள் ஊரிலிருந்து போன் பண்ணி அழுதாள். அத்தான், "கடைசியில சொல்லிட்டாளே" என்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனார். திட்டாமல் ஏறினார்.

மறுநாளே பத்திரிகைக்காரர்கள் வாசலில். உன்னைப் பற்றி நாலு வார்த்தை கேட்டார்கள். இருபத்திரண்டு படத்தில் என் வாய்க்குச் சரியாக உதடு அசைத்தவள், அவளைப்போல் எவளும் இல்லை என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை. விருதை எனக்குத் தருவதாகக் குழுவிலிருந்தும் எழுதியிருந்தார்கள். வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன்.

கோபம் முழுதும் போய்விட்டது என்று சொன்னால் அது நான் சொல்லும் பொய். பாதி இருக்கிறது. காருக்குள் உட்கார்ந்திருந்தாயே, அதற்குக் கன்னத்தில் ஒரு அறை தனியாக உண்டு.

ஆனால் நேற்றைய பகுதியைப் பார்த்தேன். தையல் கடையைக் காலி செய்யச் சொன்னதும் அந்த அம்மா அழவில்லை. "ஊசி மட்டும் எடுத்துக்கறேன்" என்று கரகரத்த குரலில் சொன்னாள். நான் பேசியிருந்தால் அழகாக அழுது காட்சியைக் கெடுத்திருப்பேன். உன்னை நீக்காமல் விட்ட அந்தத் தயாரிப்பாளருக்கு மூளை இருக்கிறது. வேறு யாரையும் பேசவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இருக்காது. பஸ்ஸில் வா, காரில் வந்தால் தெரு முழுக்கக் கூடிவிடும். நூலகத்து நிறுத்தத்தில் இறங்கு, அங்கே நிற்கிறேன். முடி நரைத்துவிட்டது, கொஞ்சம் பருத்தும்விட்டேன். உனக்கு அடையாளம் தெரியாவிட்டால் பரவாயில்லை.

நான் குரல் கொடுக்கிறேன்.

அக்கா