ஏச்சுக்குக் கிடைத்த ரோஜா

2024 மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். வருடத்துக்கு ஒரு தடவை என்னைச் சீண்டிப் பார்க்கக் கோயிலில் ஒதுக்கிய நாள். பூசை முடிவில் ஃபாதர் நிரஞ்சன், "தாய்மார் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்றார். பெண்கள் பக்கம் மொத்தமாக எழுந்தது. நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன். கல்யாணம் முடித்த பதினெட்டு வருடமாகத் தேடுகிறேன், அந்தப் பக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆளுக்கொரு ரோஜா. ஹட்டன் டவுனில் முந்தின நாளே வாங்கிய வாடல் ரோஜா. முன் வாங்கில் உட்கார்ந்திருந்த மார்த்தாக்கா திரும்பி, "டோரீன் டீச்சர், நீங்களும் ஆன்மீகத் தாய்தானே, எந்திரிங்க" என்றார். மூன்று முறை எனக்குக் கரு தங்காமல் போனது அவருக்குத் தெரியும். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆன்மீகத் தாய்க்கு ஆன்மீகப் பிரசவ லீவு உண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. கோயில் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 2

உறுதிபூசுதலுக்கு ஆயர் ஆகஸ்டில் வருகிறாராம். ஏஞ்சலா என்ற பிள்ளையின் ஞானத்தாய் வத்தளைக்குக் குடிபோய்விட்டாராம். "நீங்க நில்லுங்களேன் டீச்சர். உங்களுக்குப் பழக்கந்தானே" என்றார் ஃபாதர்.

பழக்கம்தான். ஏற்கெனவே எட்டு ஞானப்பிள்ளைகள். நத்தார் பண்டிகைக்கு வருவார்கள், சட்டைத்துணியோடு போவார்கள். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துப் பிரசங்கம் தொடங்கிவிட்டார். மரியாள் யோவானைப் பெறவில்லையாம், சிலுவையடியில் பெற்றுக்கொண்டாராம், எல்லாம் முடிந்த இடத்தில்தான் அந்தத் தாய்மை தொடங்கியதாம். சரி ஃபாதர். ஆனால் யோவான் வளர்ந்த ஆள், அவருக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல் பரீட்சையும் இருக்கவில்லை.

ஜூன் 15

உறுதிபூசுதலுக்குப் படிக்க ஏஞ்சலா வந்தாள். பதினைந்து வயது. அம்மா ரீட்டம்மா ஆறு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை. அப்பா போன இடம் தெரியாது. தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்து வீட்டில் சித்தி பிரியந்தியோடு இருக்கிறாள். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி:

"டீச்சர், பிள்ள இல்லாதது உங்களுக்கு கஷ்டமா?"

"பத்துக் கட்டளையைச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நாலாவதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"யார மதிக்கிறது டீச்சர்? ஃபோனையா?"

இந்த வாய்க்கு ஞானத்தாய் பொருத்தம்தான். ஃபாதர் ஆள் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

ஜூலை 9

ஏசினேன். நகத்தில் பொலிஷ், கணிதத்தில் பதினெட்டு.

ஆகஸ்ட் 18

உறுதிபூசுதல். ஆயர் நெற்றியில் தைலம் பூசும்போது ஞானத்தாய் பிள்ளையின் தோளில் வலக்கையை வைக்க வேண்டும். வைத்தேன். எலும்பும் தோலுமான தோள். இவள் காலையில் என்னதான் சாப்பிடுகிறாள்? இட்டலியா, ரொட்டியா, ஒன்றுமில்லையா? இதையே யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஆயர் எங்களைத் தாண்டி மூன்று பிள்ளைகளுக்குப் பூசிவிட்டார்.

"டீச்சர், ஆயர் போயிட்டாரு" என்றாள் மெதுவாக.

வெடுக்கென்று கையை எடுத்தேன். மார்த்தாக்கா சிரித்ததைப் பார்த்தேன்.

செப்டம்பர் 14

பிரியந்தி இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் போகிறாளாம். நல்ல வீடாம். எல்லாம் நல்ல வீடுதான், போய்ப் பார்க்கும் வரைக்கும். பாடம் முடிந்து நேராகக் கீழ் லயத்துக்குப் போனேன்.

பரீட்சைக்கு ஆறு மாதந்தான் இருக்கிறது என்றேன். பிரியந்தி தேயிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க யாரு டீச்சர் அவளுக்கு?"

நான் யாரு? நல்ல கேள்வி. பதினெட்டு வருசமா நானும் அதத்தான் கேக்குறேன். அவ கேட்டதும் என்ன ஆச்சோ தெரியல.

"ஞானத்தாய். கோயில் பதிவுல இருக்கு, போய்ப் பாரு" என்று கத்திவிட்டேன். லயம் முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது.

"அப்ப நீங்களே வச்சுப் பாருங்க. நாலு பிள்ளையோட எனக்கு முடியல" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. அவளையும் குறை சொல்ல முடியாது.

அங்கிருந்தே குவைத்துக்கு ஃபோன் போட்டோம். ரீட்டம்மா அழுதுகொண்டே, "வச்சுக்கங்க டீச்சர்" என்றார்.

செப்டம்பர் 15

ஒரு பையோடு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் லியனார்ட் சுத்தியலைத் தேடி எடுத்தார். சாப்பாட்டு மேசையில் மூன்றாவது கதிரையின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்தார்.

நவம்பர் 3

குளித்த ஈரத் துவாயைக் கட்டிலில் போடாதே என்று இதோடு நாற்பது தடவை. நான் போடும் சத்தத்தில் ஆன்மீகத் தாய்மை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது.

2025 மார்ச் 26

பரீட்சை முடிந்தது. கணிதம் எப்படி என்றேன். "ஏசாம கேட்டா சொல்றேன்" என்றாள்.

ஏப்ரல் 19

ரீட்டம்மா நேற்று வந்துவிட்டார். திரும்பிப் போகமாட்டாராம். நல்ல செய்தி. நல்ல செய்தி. இரண்டு தடவை எழுதினால் நம்பிவிடுவேன் என்று பார்த்தேன்.

ஏஞ்சலா பையைக் கட்டிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போய்விட்டாள். கட்டிலில் ஈரத் துவாய் இல்லை. ஆண்டவரே, குடுக்குற மாதிரி குடுத்துட்டு… சரி, எனக்கே எனக்குன்னு குடுத்தேன்னு நீர் எப்ப சொன்னீர்? இன்றிரவு உயிர்ப்புப் பூசை. போக வேண்டும். மெழுகுதிரி வாங்கவில்லை.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். பாட்டுப் புத்தகத்தோடு தயாராகத்தான் போனேன். ரீட்டம்மா வந்து என் வாங்கிலேயே உட்கார்ந்தார், நடுவில் ஏஞ்சலா. ஃபாதர் எழுந்து நிற்கச் சொன்னார். பெண்கள் பக்கமே எழுந்தது, ரீட்டம்மா அசையவில்லை.

"எந்திரிங்க, உங்களத்தான் சொல்றாரு" என்றேன்.

"நீங்க எந்திரிங்க, நானும் எந்திரிக்கிறேன்."

"நான் எதுக்கு?"

"ஒரு வருசமா இவ ஃபோன்ல ஒன்னுதான் சொல்லுவா டீச்சர். ‘இன்னைக்கும் டீச்சர் ஏசுனாங்க.’ ஏசுறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னுதான் அங்க நான் தூங்குனேன்."

ஏஞ்சலா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். புத்தகத்தை வாங்கில் வைத்துவிட்டு எழுந்தேன். கைக்குட்டையைத் தேடினேன், கொண்டுவரவில்லை. நல்லவேளை, ரோஜா கொடுக்க வந்தவர் மார்த்தாக்கா. அவருக்கே அழுகை, என்னைக் கவனிக்கவில்லை.

இந்த வருடமும் வாடல் ரோஜாதான். பின்னேரம் ஏஞ்சலா வந்து ஜாம் போத்தலில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மேசை முழுக்கச் சிந்திவிட்டுப் போயிருக்கிறாள். நாளைக்கு வரட்டும், ஏச வேண்டும்.