ஆட்டுக்குட்டிப் புத்தகம் இரண்டு

குவைத்,
12.3.1999

அன்புள்ள ஜெரால்ட் அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நலம். உங்களுக்கும் நம் பெனிட்டாவுக்கும் சுகம்தானே? குட்டிக்குச் சளி விட்டதா?

இன்று வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்கான படப்புத்தகங்களை மேசையில் பரப்பியிருந்தார்கள். நோவா புத்தகத்தில் தண்ணீர் அதிகம். தானியேலின் சிங்கங்களுக்குப் பல் அதிகம். காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். அந்தப் படத்துப் பச்சைக்குள் நடந்தே நம் ஆனையூர் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் எங்களை ஏற்றிவந்த ஆஸ்பத்திரி வேன் போய்விட்டது. பயப்படாதீர்கள், என்னோடு வேலை பார்க்கும் சோழவந்தான் ரூபி டாக்சியில் கூட்டிவந்தாள். “ஏக்கா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீகளா?” என்று வழியெல்லாம் சிரிப்பு.

அதே புத்தகத்தில் இரண்டு வாங்கினேன். நாளை லீவில் ஊருக்கு வரும் ரூபியிடம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். தினமும் எட்டரை மணிக்குக் குட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். இங்கே அப்போது மணி ஆறு. நானும் என் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன். வாத்தியார் புத்தியில் அவளிடம் கேள்வி கேட்காதீர்கள். அவள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும்.

ரூபி பெட்டியைப் பூட்ட நிற்கிறாள். இன்னும் ஒன்றுதான். ஏழாம் பக்கத்தில் ஆட்டுக்குட்டி தனியாக நிற்கும். அதைச் சீக்கிரம் திருப்பிவிடாதீர்கள். அந்த நேரம் நானும் அங்கேதான் இருப்பேன்.

உங்கள்
விக்டோரியா