மூன்று பித்தளை வளையங்கள்

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். இது அபிநயா தனக்குத்தானே கொடுக்கும் வாக்கு.

பட்டுக்கடை ராஜகோபால் சாரின் கார் நேற்று அப்பாவின் ஷெட்டுக்கு வந்தது. இரண்டே பேர் உட்காரும் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை. அப்பாவைவிட வயது அதிகம். ஓடும்போது கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது. இதுபோல இன்னும் ஐந்து கார்கள் திருப்புட்குழிக் கிடங்கில் இருக்கின்றனவாம். “தீபாவளிக்குள்ள இத சரி பண்ணு கேசவா. மத்ததுங்களையும் நீயே பாத்துக்கோ, என்னிக்கும்” என்றார்.

அந்த ‘என்னிக்கும்’தான் எங்களுக்கு வேண்டியது. அப்பாவுக்குக் கம்பெனி வேலை போனதிலிருந்து ஷெட்டுக்கு வாரம் இரண்டு வண்டி வந்தால் அதிகம். மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை தயாராக இருக்கிறது. நவம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். போனால் மூன்று வருடம். கார் ஓடினால் அப்பா போக மாட்டார். ஓடாவிட்டால் போவார்.

செப்டம்பர் 24, புதன்

கணக்குப் பரீட்சை சுமார். கியர்பாக்ஸ் வெளியே வந்துவிட்டது. அடியிலிருந்து எடுப்பார் என்று நினைத்தேன். இல்லை, சீட் இரண்டையும் கழற்றி, நடுவில் இருந்த மூடியைத் தூக்கி, காருக்குள்ளிருந்தே இறக்கினார். பக்கத்து வீட்டு வீராசாமி மாமா ஒரு முனை பிடித்தார். தறியை விட்டு எழுந்து வந்த கோபம் வேறு. “ரெண்டு பேர் குந்தற வண்டிக்கு இம்மாம் பெரிய குடலா?” என்றார். அப்பா சிரித்தார். சிரித்து நாளாயிற்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

விடுமுறை. அப்பா கியர்பாக்ஸைப் பிரித்து, வந்த வரிசையிலேயே பெஞ்சில் நியூஸ் பேப்பர் மேல் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பட்டியல் எழுதினேன். மொத்தம் அறுபத்து மூன்று உருப்படிகள். அவற்றில் பித்தளை வளையம் மூன்று, இரண்டாவது கியரிலிருந்து நான்காவதுவரை ஆளுக்கொன்று; முதல் கியருக்குக் கிடையாது. கியர் மாறும்போது பல்சக்கரங்கள் மோதிக்கொள்ளாமல் வேகத்தைச் சமன் செய்வது அவைதானாம்.

தேய்ந்தது பேரிங் மட்டும். புதிது சென்னையில் கிடைக்கும். “மத்ததெல்லாம் நல்லாகீதும்மா. எடுத்த எடத்துலயே திருப்பிப் போட்டா போதும்” என்றார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பேரிங் வாங்க அப்பா விடியற்காலையில் சென்னை போய்விட்டார். அம்மா பொரி, பூசணிக்காய் வாங்க வெளியே போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவைத்தேன்! ஸ்பேனர்கள், ஜாக்கி, வைஸ் எல்லாம் துடைத்தேன். பெஞ்சிலிருந்த பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினேன். பித்தளை தங்கம் மாதிரி ஆகிவிட்டது. அடியிலிருந்த பேப்பரில் பென்சிலால் ஏதோ எண்கள். எண்ணெய் ஊறி நாறியது, குப்பையில் போட்டேன். சிவப்புத் துணி விரித்து, ஸ்கூல் லைப்ரரியில் புத்தகம் அடுக்குவதுபோலவே பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். என்னிடம் பட்டியல் இருக்கிறதே, கலைந்தால் என்ன?

சாயங்காலம் அப்பா வந்தார். பெஞ்சைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். இன்று கருவியைத் தொடக்கூடாது என்பதால் எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. கற்பூரம் காட்டியபோது ஒற்றிக்கொள்ளவும் இல்லை. பயணக் களைப்பு.

அக்டோபர் 2, வியாழன்

களைப்பு இல்லை.

“யாரு கைய வெச்சது?” என்று அப்பா கேட்டார். சத்தமாகக்கூட இல்லை. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அம்மா சொன்னாள்: “நான்தான்பா கழுவி வெச்சேன். பூஜன்னா அழுக்கோடவா வெப்பாங்க?”

அந்த மூன்று வளையங்களும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் சக்கரத்தோடு அறுபது வருடம் தேய்ந்து பழகியது. மாற்றிப் போட்டால் பிடிக்காது. எது எங்கே இருந்தது என்பதற்கு அந்தப் பென்சில் எண்கள்தான் அடையாளம். என் பட்டியலில் என்ன இருக்கிறது? ‘பித்தளை வளையம் – 3.’

குப்பை வண்டி காலை ஏழு மணிக்கே வந்து போயிருந்தது.

அக்டோபர் 3

நான்தான். நான்தான்பா. இங்கே எழுத முடிகிறது. அவரிடம் ஏன் வாய் வரவில்லை?

அக்டோபர் 8, புதன்

மூன்று வளையங்களை மூன்று சக்கரங்களில் ஆறு விதமாகப் போடலாம். கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். ஒவ்வொரு முறையும் கோர்த்து, காரில் ஏற்றி, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு முறைக்கு நான்கு நாள். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

“புது வளையம் கிடைக்காதாப்பா?”

“கப்பல்ல வரணும். பொங்கல் ஆயிடும்.”

வளையத்தைச் சக்கரத்தில் அழுத்தித் திருப்பி, இடைவெளி அளந்து, மறுபடி கழற்றுகிறார். “கைக்கு ஒண்ணு தோணுது, அளந்தா வேற ஒண்ணு சொல்லுது” என்றார். என்னிடம் இல்லை, வளையத்திடம்.

அக்டோபர் 12, ஞாயிறு

முதல் முறை. இரண்டாவது கியரில் கரகரவென்று அரைத்தது. தெரு முனையிலேயே திரும்பிவிட்டோம். “இன்னாபா, காபிக் கொட்டையா?” என்றார் வீராசாமி மாமா. யாரும் சிரிக்காததைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

இரண்டாம் முறை. பள்ளி விட்டதும் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் ஓட்டினார். முதல் கியர், இரண்டாவது – சத்தமே இல்லை. மூன்றாவதும் விழுந்தது. ஊளை இல்லை. பாலாற்றுக் காற்று முகத்தில் அடித்தது. அப்பா என்னைப் பார்த்தார். சரியாகிவிட்டது என்றே நினைத்தேன், கடவுளே. நான்காவதுக்குத் தள்ளினார். அரைத்தது. மறுபடி தள்ளினார். மறுபடி.

சாலையோரம் நிறுத்தி, கியர் தடியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். “எடம் சரிதான். மொத தடவ ரெண்டாவதுல அரைச்ச வளையந்தான் இது, அதுலயே தேஞ்சிடுச்சி. மூணுல ஓட்டினு போலாம்” என்றார். வீடுவரை மூன்றிலேயே வந்தோம்.

அக்டோபர் 18, சனி

ராஜகோபால் சார் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “பரவால்ல கேசவா, பெங்களூர்ல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட அனுப்பிக்கறேன்” என்றார். காரை லாரியில் ஏற்றும்போது அப்பா கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

அக்டோபர் 20

தீபாவளி. அப்பாவுக்குச் சட்டை எடுக்கவில்லை. பெரிய பெட்டி வாங்கியிருக்கிறோம்.

அக்டோபர் 30, வியாழன்

சாயங்காலம் அப்பா கிளம்பினார். அம்மா தெருவில் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் ஷெட்டுக்குள் போய், “அப்பா, அன்னிக்குக் கழுவினது அம்மா இல்ல” என்றேன்.

“தெரியும்மா.”

“எப்படி?”

“பெருசுலர்ந்து சிறுசா அடுக்கி வெச்சிருந்துது. ஒங்கம்மாவா இருந்தா ஒரு தட்டுல கொட்டி வெச்சிருப்பா. அது ஸ்கூல் லைப்ரரில புக்கு அடுக்கற கை.”

“அன்னிக்கே தெரியுமா? ஏன்பா கேக்கல?”

“கேட்டா? பேப்பர் திரும்பி வந்துருமா?”

ஷெட் சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். அவர் கையில் இன்னும் மண்ணெண்ணெய் வாசம். ஆட்டோ கிளம்பும்வரை அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

பெஞ்ச் காலி. துணியில் குங்குமக் கறை மட்டும் இருக்கிறது. மணி ஆறே கால். ஷெட்டின் விளக்குகள் அணைக்கப்பட்டன. அணைத்தது நான்.