கப்பலை விட்டு இறங்கி ஜொகூர் பார்த்த நாள்

அடியே, இன்று காலை உன் கேக் வாசனை என் வீடு தேடி வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் டவுனுக்குப் போய்த் திரும்பியவள், வேலிக்கு மேலே ஒரு பெட்டியை நீட்டினாள். “ஆன்ட்டி, மாசி பானாஸ்” என்றாள். இன்னும் சூடாக இருக்கிறதாம். திறந்தால் விறகடுப்பில் வெந்த வாழைப்பழக் கேக். பெர்மாஸ் ஜெயாவில் என் அடுக்களையில் நின்றுகொண்டே நான் ஜாலான் தான் ஹியோக் நீ தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்தா ஜெனி போன் பண்ண வேண்டும்?

ஆஸ்திரேலியா பெர்த்திலிருந்து என் மகள் என்ன கேட்பாள் என்று உனக்குத் தெரியாதா? இந்தத் தடவை கொஞ்சம் மாற்றிக் கேட்டாள். “ம்மா, அன்னைக்கு ஒங்க கூட்டாளி ஆன்ட்டிக்காக இருந்தீங்க, சரி. இப்ப அங்க யாரு இருக்கா? எதுக்கு ஒத்தையா கெடக்குறீங்க? வீட்ட வித்துட்டு வந்துருங்க.” சாயந்திரம் திரும்பவும் கூப்பிடுவாளாம். அதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டுமாம். அப்பனைப் போலவே பிடிவாதம். ம் ம் என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வாய் நிறையக் கேக் வேறு இருந்தது. பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு உன்னோடு பேச உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. எதற்கெடுத்தாலும் உன்னிடம் யோசனை கேட்கிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் கப்பலை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான் வருகிறது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு வரை போய், திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறங்குகிற பயணம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில் ஒரே லைனில் நின்று காலம் தள்ளிய நாம் இரண்டு பேரும் வேலையை விட்டதும் செய்த முதல் காரியம் அது. அவ்வளவு பெரிய கப்பலில், அத்தனை வகைச் சாப்பாட்டுக்கு நடுவில், நீ கைப்பையிலிருந்து நெத்திலி சம்பல் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாய். “இவனுங்க எல்லாத்தையும் சப்புனு செய்றானுங்கடி” என்றாய். பக்கத்து மேசை ஆஸ்திரேலியாக்காரர் ருசி பார்த்துவிட்டு அழுதேவிட்டார். நீ அவர் முதுகைத் தடவி, தண்ணீர் குடிக்க வைத்து, இன்னொரு கரண்டி போட்டாய்.

கடைசி நாள் சாயந்திரம் மேல்தளத்தில் வைத்துத்தான் உன்னிடம் சொன்னேன். ஜெனி நிரந்தரமாக வந்துவிடச் சொல்கிறாள், வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது, நாளைக்குச் சாயந்திரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று. நீ கடலையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாய். நீ ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. உனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வீட்டுக்காரரும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் கிளம்பிவிட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை சிங்கப்பூரில் இறங்கி, கடல் பாலத்தைக் கடந்து, ஜொகூர் குடிநுழைவில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தோம். நான் வீட்டுக்குப் போகக் கார் கூப்பிடப் போனை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

“கார் வேணாம். நடப்போம்.”

“பெர்மாஸ் ஜெயாவுக்கா? பைத்தியம் புடிச்சிருக்கா ஒனக்கு?”

“வீட்டுக்கு இல்லடி. நம்ம ஜேபி டவுன சுத்திப் பாப்போம் லா. கப்பல்ல வந்து எறங்குனா ஊர் பாக்கணும்ல? எல்லாரும் அதான் செய்றாங்க.”

“இத்தன வருஷமா இங்கதானே இருக்கோம்!”

“இருந்தோம். பாத்தோமா?”

எனக்குச் சுரீரென்றது. உண்மைதான். விடியுமுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். இருட்டின பிறகு பஸ்ஸை விட்டு வீட்டுக்கு ஓடினோம். உட்லண்ட்ஸில் எந்த முனையில் எந்தக் காப்பிக்கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். சொந்த ஊரில் குடிநுழைவுக் கட்டடத்துக்குப் பின்னால் என்ன தெரு இருக்கிறது என்று கேட்டால் முழிப்போம். ஞாயிற்றுக்கிழமையானால் துணி துவைக்கவும் தூங்கவுமே நேரம் போதாது. நம்மைப் போலப் பாலம் தாண்டிப் பிழைத்தவர்கள் பாதிப் பேர் கதை இதுதான்.

ஜாலான் உங்கு புவானில் ஒரு பூக்கடைக்காரியிடம் பெட்டிகளை ஒப்படைத்தாய். அவளை உனக்கு முன்பின் தெரியாது. “தங்கச்சி, நாங்க ஊருக்குப் புதுசு. கொஞ்சம் பாத்துக்கம்மா” என்றாய். அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் கப்பலில் கொடுத்த ஓலைத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. “தமிழ்நாட்டுலேர்ந்தா வர்றீங்க?” என்றாள். நீ வாய் கூசாமல் “ஆமா” என்றாய். எனக்கு மானம் போனது. அடுத்த நிமிஷமே எனக்கும் அந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. அன்றைக்கு முழுக்க நாம் வெளியூர்க்காரர்கள் என்று முடிவாகிவிட்டது.

அப்பாடா, என்ன ஆட்டம் ஆடினோம்! ரொட்டி சானாய்க் கடையில் மாவை வீசுகிறவரைப் படம் எடுத்தாய். வாழ்நாள் முழுக்கத் தின்ற ரொட்டியை முதல் தடவை பார்ப்பதுபோல “வாவ்” என்றாய். கேக் கடையில் வரிசையில் நின்றோம். உள்ளே விறகு எரிகிறது, வாசனை தெருவெல்லாம் அடிக்கிறது. சீனத் தாத்தா “ஃபர்ஸ்ட் டைம் ஜொகூர்?” என்று கேட்டார். “யெஸ் யெஸ், ஃபர்ஸ்ட் டைம்” என்றாய். சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தெருவோரத்திலேயே நின்று தின்றோம். அந்தப் பழைய கடைவீடுகளின் மேல்மாடி ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பூ வேலைப்பாடு, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. இத்தனை நாள் இவை இங்கேயேதான் இருந்தனவா என்று உன்னைக் கேட்டேன். “இல்ல, ஒனக்காக நேத்து ராத்திரி கட்டுனாங்க” என்றாய்.

ஜாலான் டோபியில் வழி தவறினோம். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் இருந்த தெருவாம், அதனால் அந்தப் பெயர் என்று சுவரில் இருந்த பலகையைப் படித்துச் சொன்னாய். பெருமையாகப் படித்தாயே தவிர எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. ஒரே முடிதிருத்தும் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் கையில் வரைபடத்தோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் போய் வழி கேட்டாய். அவன் பொறுமையாக விளக்கினான். “தேங்க் யூ. யுவர் சிட்டி வெரி நைஸ்” என்றாய் அவனிடம். நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டு கிழவிகளுக்கும் வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

புக்கிட் திம்பாலான் மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. மேலே கோபுரத்தோடு நிற்கும் அந்தப் பெரிய பழைய அரசாங்கக் கட்டடத்தைப் பாலத்திலிருந்து பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். கிட்டப் போனால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் “காக், டாரி மானா?” என்றார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று. “டாரி கப்பால்” என்றாய், கப்பலிலிருந்து என்று. அவர் கடலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். “கப்பால் மானா?” என்றார். எந்தக் கப்பல் என்று அவர் கேட்டதற்கு நீ கையை விரித்துக் காட்டிய அளவுக்கு உலகத்தில் கப்பலே கிடையாது. அலமாக் என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் நீ பெர்த் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஜெனி பேரைச் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்தத் தெருவில் சொல்வாள், அடுத்த திருப்பத்தில் சொல்வாள் என்று. நீ பாட்டுக்கு எதையெதையோ காட்டிக்கொண்டு முன்னால் போனாய். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் ஏறியது. இவளுக்கு நான் போனால் என்ன, இருந்தால் என்ன என்று ஆகிவிட்டதா?

ஜாலான் கெரேஜாவில் பழைய மாதா கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். ஞானஸ்நானம் வாங்கியவள் நான், வழி காட்டியவள் திருநீறு பூசிய நீ! உள்ளே மாதா முன்னால் கண்ணை மூடி, கை கூப்பி, நீ சத்தமாகவே வேண்டினாய். “தாயே, இவ மனசுல நல்ல புத்தியக் குடுத்து இவள...” அதற்குமேல் சொல்லாமல் நிறுத்தினாய்.  பிறகு, “எது நல்லதோ அதச் செய்” என்று வேகமாக முடித்துவிட்டு வெளியே போய்விட்டாய். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெயில் தாழ்ந்தபோது கடலோரத்துக்கு வந்து சேர்ந்தோம். உன் சப்பாத்து வாயைப் பிளந்துவிட்டதால் வழியில் ஒரு சிலிப்பர் வாங்கி மாட்டியிருந்தாய். எதிர்க்கரையில் சிங்கப்பூர் தெரிந்தது. நம் ஆயுளில் பாதியை விழுங்கிய கரை. ஜெனி கூப்பிடுகிற நேரம் நெருங்கிவிட்டது. எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லேன்டி! போகாதன்னு சொல்லேன்! காலையிலேர்ந்து என்னை நடக்க விட்டே சாகடிக்கிற!” என்று கத்திவிட்டேன். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் தூண்டிலோடு திரும்பிப் பார்த்தார்.

நீ என்னைப் பார்க்காமல் பேசினாய். “நான் சொன்னா நீ இருப்ப. எனக்குத் தெரியும். அப்பறம் நாளைக்கு ஒனக்கு முட்டி வலிச்சாக்கூட என்னாலதான்னு நெனப்ப. மகள நெனச்சு அழுவுறப்பல்லாம் என் மூஞ்சப் பாப்ப. எனக்கு வேணாம்மா அது. ஒனக்கு என்ன இருக்குன்னு காட்டிட்டேன். பாத்துட்டு நீயே முடிவு பண்ணு.”

போன் அடித்தது. ஜெனி. நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். “இப்ப வரலம்மா. இங்க எனக்குப் பாக்க வேண்டியது நெறைய பாக்கி இருக்கு” என்றேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாய். தோள் குலுங்கியது. சிரிக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நாம் சும்மா இருந்தோமா? வாரா வாரம் டவுனுக்குப் போய் அதே கடைகளைச் சுற்றினோம். பஸ் ஏறிப் பத்து பாகாட் ஊருக்குப் போய்த் தெருத் தெருவாக நடந்தோம். மெர்சிங் துறையில் மீன் இறக்குவதைப் பார்த்தோம், தீவுக்குப் போகிற படகைத் தவறவிட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். எந்த ஊரிலும் நீ கப்பலிலிருந்து வந்தவள்தான். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு கிடையாது. என்னை இங்கே இருக்க வைத்துவிட்டு, ஒருநாள் தூக்கத்திலேயே நீ கிளம்பிப் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் முதல் தடவையாகத் தனியாக டவுனுக்குப் போனேன். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன். பூக்கடைக்காரி, “எங்கேக்கா ஒங்க கூட்டாளி?” என்றாள். சொன்னேன். அவள் என்னை முக்காலியில் உட்கார வைத்து, பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் டீ வரவழைத்துக் கொடுத்தாள். கேக் கடைத் தாத்தாவும் கேட்டார். அந்த முடிதிருத்தும் கடைக்காரர் தெருவுக்கே இறங்கி வந்து கேட்டார். நீ வெளியூர்க்காரி என்று அத்தனை பேரையும் ஏய்த்ததாக நினைத்தாய், பார். ஒருத்தர்கூட நம்பவில்லையாம். எல்லாருக்கும் உன்னைத் தெரிந்திருந்தது. அழுதேன். அழுதுகொண்டே நடந்தேன். நடக்க நடக்க, திரும்பிப் போகிற நினைப்பே விட்டுப்போனது.

இதோ, இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜெனியோடு பேசிவிட்டு வருகிறேன்.

பேசியாயிற்று. “என்னம்மா முடிவு?” என்றாள். “நான் வரல. நீ வா. பிள்ளைங்க லீவுக்குக் கூட்டிட்டு வா. ஒரு நாள் எனக்குக் குடு, ஜேபிய நடந்து பாப்போம்” என்றேன். “ஜேபில நடந்து பாக்க என்னம்மா இருக்கு? நான் அங்கதானே வளந்தேன்” என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “யாரு இருக்கான்னு கேட்டல்ல, வந்து பாரு” என்றேன். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவள், சரி என்றாள். வருகிறாளடி! ஏர் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இப்போதே கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

எந்தத் தெருவில் ஆரம்பிப்பது, எங்கே சாப்பிட வைப்பது எல்லாம் முடிவு செய்துவிட்டேன். சாயந்திரம் அந்தக் கடலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பேரப் பிள்ளைகள் தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருக்கும்போது அவள் என் பக்கத்தில் நிற்பாள். இங்கேயே இருந்துவிடு ஜெனி என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வரும். சொல்ல மாட்டேன். காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே உட்கார்ந்து நினைத்துப் பார்க்கும்போதே தெரிகிறது. காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும், சிரித்துக்கொண்டே, நீ அதை எப்படித்தான் தாங்கினாயோ.